ஆஸ்பத்திரிக்குள்ள ஒரு சபை: வேலூர் சிஎம்சி பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூருக்கு வைத்தியத்துக்கு வர்றவங்க, அவங்க கூட துணைக்கு வர்றவங்க, சில நேரம் எங்க சபையில இருக்குற சின்னப் பசங்களே கூட, திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க இதெல்லாம். நான் ரிட்டயர்டு நர்ஸ், இப்ப சபையிலேர்ந்து நோயாளிகளைப் பாத்து ஜெபம் பண்ணப் போற குழுவுல இருக்கேன். ஆஸ்பத்திரி சார்புல எழுதலைங்க, நான் படிச்சது, பெரியவங்க சொல்லிக் கேட்டது, கண்ணால பாத்தது இவ்வளவுதான்.

சிஎம்சி ஆஸ்பத்திரியா, சர்ச்சா?

ஆஸ்பத்திரிதான், மெடிக்கல் காலேஜும் சேர்ந்தது. சிஎம்சின்னா கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ். ஆனா இதைப் பெத்து வளத்தது திருச்சபை. தோட்டப்பாளையத்துல இருக்குற மெயின் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளயே சாப்பல், அதாவது சின்ன ஜெபக்கூடம் இருக்கு, ஓபியில டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்குறவங்க எழுந்து ரெண்டு நிமிஷம் நடந்தா போய் முழங்கால் போட்டுட்டு வந்துடலாம். காலேஜோட குறிவாசகமே மாற்கு 10:45லேர்ந்து எடுத்தது, "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்". இந்த வசனத்தைப் பிடிச்சுக்கிட்டா மீதி எல்லா கேள்விக்கும் பாதி பதில் கிடைச்சிடும்னு நான் நினைக்கிறேன்.

யார் ஆரம்பிச்சது? அந்த மூணு பொண்ணுங்க கதை நிஜமா?

நிஜம்தாங்க. ஐடா சோபியா ஸ்கடர் அம்மா 1870 டிசம்பர் 9ஆம் தேதி நம்ம ராணிப்பேட்டையிலதான் பொறந்தாங்க. அப்பா ஜான் ஸ்கடர் மிஷனரி டாக்டர். பஞ்சம், பசின்னு சின்ன வயசுலயே பாத்துட்டதால இந்த ஊரு வேண்டாம், மிஷனரி வேலையும் வேண்டாம்னு அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பொண்ணு அவங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு 1890ல திரும்பி வந்தப்ப குடும்பம் திண்டிவனத்துல இருந்துச்சு, கொஞ்ச நாள் கூட இருந்து பாத்துட்டு மறுபடி கிளம்பிடணும்னுதான் வந்தாங்க.

அங்க ஒரு ராத்திரி ஒரு பிராமண வீட்டு ஆள் வந்து, என் மனைவி பிரசவத்துல கஷ்டப்படுறா நீங்க வரணும்னு கேட்டிருக்காரு. நான் டாக்டர் இல்ல, எங்க அப்பாதான் டாக்டர், அவரைக் கூப்பிடுறேன்னு இவங்க சொன்னதுக்கு, ஆம்பளை வந்து பாக்க எங்க வழக்கத்துல இடமில்லன்னு தலையைத் தொங்கப் போட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாரு. கொஞ்ச நேரத்துல ஒரு முஸ்லிம் வீட்டுக்காரர் அதே கோரிக்கையோட வந்தாரு, அதே பதில். அப்புறம் இன்னொரு இந்து வீட்டுலேர்ந்து மூணாவதா ஒருத்தர். விடிஞ்சதும் ஆள் அனுப்பி விசாரிச்சா மூணு பொண்ணுங்களும் செத்துப் போயிருந்தாங்க. அன்னைக்கே ஐடா அப்பா அம்மாகிட்ட போய், நான் டாக்டருக்குப் படிச்சுட்டு இங்கயே வர்றேன்னு சொல்லிட்டாங்க.

அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டியில 1899ல டாக்டர் பட்டம் வாங்கி, 1900 ஜனவரி 1ஆம் தேதி இந்தியா வந்து சேந்தாங்க. அந்த வருஷமே அப்பா இறந்துட்டாரு. பழக்கித் தர ஆள் இல்ல, பொம்பளை டாக்டர்னு ஜனங்களுக்கு நம்பிக்கையும் இல்ல. ஒரே ஒரு படுக்கையோட வீட்டுலயே ஆரம்பிச்சது, ரெண்டே வருஷத்துல 5000 பேரைப் பாத்தாங்கன்னு பதிவு இருக்கு. 1902ல 40 படுக்கையோட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தாச்சு. ஷெல்ங்கிற நியூயார்க் பேங்கர் தன் மனைவி ஞாபகமா 10,000 டாலர் கொடுத்தாரு, இப்ப கண் ஆஸ்பத்திரி இருக்குற இடம்தான் அது.

அதுக்கு முன்னாடி இந்தக் குடும்பத்துக்கு தமிழ் மண்ணுல என்ன தொடர்பு?

இது நிறைய பேருக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். ஐடாவோட தாத்தா பேரும் ஜான் ஸ்கடர்தான், நியூயார்க்ல நல்லா பிராக்டிஸ் ஓடிக்கிட்டிருந்த டாக்டர். அதை விட்டுட்டு 1819ல கப்பல் ஏறி யாழ்ப்பாணத்துக்கு வந்து பண்டத்தரிப்புல வைத்தியமும் பிரசங்கமும் பண்ணாரு. 1836ல மெட்ராஸுக்கு வந்தாரு. அவரோட ஏழு மகன்களும் இந்தியாவுல ஊழியத்துக்கு வந்தவங்க, அவங்கள்ல மூணு பேர் சேர்ந்து 1853ல ஆற்காடு மிஷனை ஆரம்பிச்சாங்க. ராணிப்பேட்டையில 1866ல ஆஸ்பத்திரி கட்டினதும் அந்த மகன்கள்ல ஒருத்தர்தான்.

யாழ்ப்பாணத்துல அவருக்குப் பின்னாடி 1847ல வந்தவரு டாக்டர் சாமுவேல் கிறீன். மானிப்பாய்ல ஆஸ்பத்திரி வச்சு, நம்ம பசங்களுக்கு மருத்துவத்தை தமிழ்லயே சொல்லிக் கொடுத்தவர் அவரு. இரண வைத்தியம், மனுஷ சுகரணம்னு அறுவை சிகிச்சைக்கும் உடல் இயக்கத்துக்கும் தமிழ்லயே புஸ்தகம் போட்டாரு, அதுவும் 19ஆம் நூற்றாண்டுலயே! இன்னைக்கும் தமிழ்ல மருத்துவம் படிக்க முடியுமான்னு நாம பேசிக்கிட்டு இருக்கோம், அந்த மனுஷன் செஞ்சே காட்டிட்டாரு. 1884ல அமெரிக்காவுல இறந்தப்போ அவரோட கல்லறையில "தமிழருக்கு மருத்துவ சுவிசேஷகர்"ங்கிற அர்த்தத்துல எழுதி வச்சாங்க. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு தொண்டை அடைச்சுக்கும்.

ஐடா டாக்டர் வேலையில இருந்தா சுவிசேஷ வேலையை யார் பாத்தது?

அவங்க கூடவே வந்த தோழி ஆனி ஹான்காக். வேலூர்ல வீடு வீடா போய் பொம்பளைங்க கூட உக்காந்து பேசி, எழுத்து சொல்லிக் கொடுத்து, வேதம் வாசிச்சுக் காட்டினாங்க. அப்ப நிறைய வீட்டுப் பொம்பளைங்க வெளியில தலையே காட்டுறதில்லயே. வீட்டுல வேலைக்கு இருந்த சலோமிதான் ஐடாவுக்கு முதல் உதவியாளர், கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் பழகிக்கிட்டாங்க. டாக்டரம்மாவை எல்லாருக்கும் தெரியும், ஆனா இந்த ரெண்டு பேர் இல்லன்னா இந்த சபை இல்லன்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

அப்புறம் ரோட்டோர வைத்தியம். வாரத்துல ஒரு நாள் குடியாத்தம் ரோட்டுல போய் மரத்தடி மரத்தடியா நிறுத்தி மருந்து கொடுப்பாங்க, முதல்ல மாட்டு வண்டி, அப்புறம் ஒரு சின்ன பெஜோ கார். ஜனம் கூடி நிக்கிற இடத்துல ஒரு பாட்டு, ஒரு சின்ன வேத வாசிப்பு, உடனே புண்ணைக் கழுவ உக்காந்துடுவாங்க.

காலேஜ் எப்ப வந்துச்சு?

நர்ஸிங் ஸ்கூல் 1909. பொம்பளைங்களுக்கான மெடிக்கல் ஸ்கூல் 1918. முதல் செட்ல ஒருத்தர் கூட பாஸ் பண்ண மாட்டாங்கன்னு பெரிய அதிகாரிங்களே சொன்னாங்களாம், கடைசியில பரீட்சை எழுதின 14 பேரும் பாஸ். பின்னாடி சர்க்கார் சட்டம் மாத்தி, டிப்ளமா செல்லாது எம்பிபிஎஸ்தான் நடத்தணும்னதும் மூடுற நிலைமை வந்துடுச்சு. ஐடா எழுபது வயசை ஒட்டி அமெரிக்கா போய் ஊர் ஊரா சர்ச் சர்ச்சா நின்னு பணம் திரட்டினாங்க. 1942ல எம்பிபிஎஸ், 1947லேர்ந்து ஆம்பளைப் பசங்களுக்கும் இடம். அதே காலத்துல ஹில்டா லாசரஸ் அம்மா முதல் இந்திய டைரக்டரா வந்தாங்க. ஐடா 1960 மே 24ல கொடைக்கானல்ல கண் மூடினாங்க, 89 வயசு.

'சுவிசேஷ சபை'ன்னா என்ன அர்த்தம்? எந்த டினாமினேஷன் (சபைப் பிரிவு)?

சுவிசேஷம்னா நற்செய்தி. வேதம்தான் அதிகாரம், இயேசு சிலுவையில செஞ்சதுதான் மீட்பு, ஒவ்வொருத்தரும் தானே மனசு திரும்பணும், அப்படித் திரும்பினவங்க சும்மா இருக்க முடியாது அடுத்தவங்களுக்காக இறங்கி வேலை செய்யணும், சுருக்கமா இதுதான் சுவிசேஷ விசுவாசம். கடைசியா சொன்ன இறங்கி வேலை செய்யுறதை எடுத்துட்டா மீதி மூணும் வெறும் பேச்சு.

டினாமினேஷன்னு பாத்தா ஐடா குடும்பம் அமெரிக்க ரிஃபார்ம்டு சபை. ஆனா 1918லயே பல மிஷன்கள் சேர்ந்துதான் ஸ்கூலை நடத்துச்சு, பின்னாடி இன்னும் நிறைய சபைகள் கை கோர்த்துக்கிச்சு. 1947ல சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை உருவானப்ப இந்தப் பக்கத்து பழைய ஆற்காடு மிஷன் சபைகள் அதுல சேந்துடுச்சு. அதனால ஆஸ்பத்திரி சாப்பல்ல சிஎஸ்ஐக்காரர் பக்கத்துல மார்த்தோமாக்காரர், அவருக்குப் பக்கத்துல மிசோரம்லேர்ந்து வந்த பிரஸ்பிட்டேரியன் பொண்ணுன்னு உக்காந்திருப்பாங்க. ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பான்னு வெளியில சண்டை போடுற நாம, ஐசியு வாசல்ல நிக்கும்போது அதைப் பத்திப் பேசுறதில்ல.

மதம் மாத்துறதுக்குத்தானே இதெல்லாம்? நேராவே கேக்குறேன்.

நேராவே பதில் சொல்றேன். ஆமா, எங்க விசுவாசத்தை மத்தவங்களும் அறியணும்னு எங்களுக்கு ஆசை இருக்கு, அதை மறைச்சா பொய்யாகிடும். ஆனா வைத்தியத்துக்கும் அதுக்கும் முடிச்சுப் போட்டா அது சுவிசேஷமே இல்ல, வியாபாரம்.

லூக்கா 17ல பத்து குஷ்டரோகிகளை இயேசு சுகமாக்கினாரு, ஒருத்தன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான், அவனும் யூதங்க ஒதுக்கி வச்ச சமாரியன். மத்த ஒன்பது பேர் எங்கேன்னு கேட்டாரே தவிர அவங்களுக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்ப வாங்கிக்கல. அப்புறம் இன்னொரு விஷயம், ரோட்டுல நீங்க பேசுறது பிடிக்கலன்னா கேக்குறவர் எழுந்து போயிடலாம், கட்டில்ல டியூபோட படுத்திருக்குறவர் எங்க போவாரு? அவர் எழுந்து போக முடியாதுங்கிறதாலயே நாம ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்.

இதை நான் தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன். இளம் வயசுல வேற ஒரு ஊர் ஆஸ்பத்திரியில வேலை பாத்தப்ப, கடைசி ஸ்டேஜ்ல இருந்த ஒரு தாத்தா பக்கத்துல உக்காந்து வேதம் வாசிச்சு ஜெபம் பண்ணி அரை மணி நேரம் பேசிட்டேன். அவரோட மகன் ஒண்ணும் சொல்லாம கால்மாட்டுல நின்னுக்கிட்டிருந்தாரு. நான் எழுந்தப்ப மெதுவா, "சிஸ்டர், அப்பா ரெண்டு நாளா தூங்கல, இப்பதான் கண்ணு சொருகுச்சு, நீங்க வந்து எழுப்பிட்டீங்க"ன்னாரு. அதட்டல, கத்தல. அன்னைக்கு நைட்டு ஹாஸ்டல்ல அழுதேன். அதுக்கப்புறம் எந்தக் கட்டில் பக்கத்துல போனாலும் முதல்ல, தூங்குறாரா, வலி எப்படி இருக்கு, பேசலாமா, இந்த மூணும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் உக்காருவேன், வேண்டாம்னா தலையாட்டிட்டு வந்துடுவேன்.

சாப்ளின்னா யாரு? அவங்க என்ன பண்ணுவாங்க?

ஆஸ்பத்திரிக்குன்னே இருக்குற போதகர். வார்டு வார்டா போய் ஜெபம் பண்ணுறது ஒரு பாகம்தான், காது கொடுக்குறதுதான் பெரிய பாகம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நைட்டு பயம், கேன்சர்னு சொன்ன அன்னைக்கு வர்ற கோபம், பணத்துக்கு நிலத்தை வித்துட்டு வந்தவரோட குற்ற உணர்ச்சி, குழந்தை இறந்த வீட்டுல யார் முதல்ல அம்மாகிட்ட சொல்றதுங்கிற தவிப்பு, இதெல்லாம் மருந்துச் சீட்டுல எழுத முடியாத விஷயங்க. இதுக்குன்னு தனியா பயிற்சி எடுத்தவங்க அவங்க. டாக்டர், நர்ஸுங்களும் அவங்ககிட்ட போய் அழுவாங்க, அதையும் சொல்லணும். ஒரே ஷிஃப்ட்ல ரெண்டு சாவு பாத்துட்டு வீட்டுக்குப் போய் பிள்ளைக்கு தோசை சுட்டுப் போடுற நர்ஸுக்கும் ஒரு மேய்ப்பர் வேணுமில்லையா.

ஜெபம் பண்ணினா போதும், மருந்து வேண்டாம்னு சொல்றாங்களே?

தயவு செஞ்சு அப்படி நினைக்காதீங்க. இன்சுலினை நிறுத்திட்டு, டிபி மாத்திரையைப் பாதியில விட்டுட்டு, விசுவாசம்னு சொல்லிட்டு முத்திப் போய் வந்தவங்களை நான் பாத்திருக்கேன். ஒரு ஆஸ்பத்திரியைக் கட்டின சபை மருந்துக்கு எதிரா எப்படிங்க பேசும்? சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியர், பவுல் அவரைப் பிரியமான வைத்தியன்னுதான் கூப்பிடுறாரு. நல்ல சமாரியன் கூட அடிபட்டவன் காயத்துல எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து கட்டுப் போட்டு, சத்திரக்காரன்கிட்ட பணமும் கட்டிட்டுத்தான் போனான். ஜெபமும் பண்ணுங்க, ஒரு வேளை மாத்திரையும் விடாதீங்க.

தொழுநோய் வேலை இங்க ஏன் இவ்வளவு பேசப்படுது?

டாக்டர் பால் பிராண்ட்னால. அவர் 1914ல நம்ம கொல்லிமலையில பொறந்தவரு. அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின் ரெண்டு பேரும் மலை ஜனங்க நடுவுல ஊழியம் பண்ணவங்க, அப்பா 1929ல மலையிலயே காய்ச்சல்ல செத்தாரு. அம்மா வயசான பிறகும் மலையை விட மனசில்லாம திரும்பிப் போய் 95 வயசு வரைக்கும் இருந்தாங்க.

மகன் 1946ல வேலூர் வந்தாரு. அப்பல்லாம் தொழுநோய் வந்தா சதையே அழுகி விரல் கொட்டிப் போகும்னு நினைச்சாங்க. இவர் பாத்துப் பாத்து கண்டுபிடிச்சது, பாதி சேதத்துக்கு மேல நேரடியா நோயால இல்ல, வலி தெரியாததால வர்றதுன்னு. சூடான பாத்திரத்தைப் பிடிப்பாங்க, தெரியாது. செருப்புல ஆணி ஏறும், தெரியாது. தூங்கும்போது எலி விரலைக் கடிச்சுத் தின்னாக் கூட தெரியாது, அதுக்காக நோயாளிங்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினாங்க! மடங்கிப் போன கையில தசைநாரை இடம் மாத்தித் தைச்சு விரலை நிமித்தினாரு. அப்பாடா விரல் வந்துச்சுன்னா வேலை யார் தருவாங்க? அதுக்காக 1951ல நவஜீவ நிலையம்னு ஒரு இடம், தச்சு வேலை அது இதுன்னு கைத்தொழில் கத்துக்க.

மேரி வர்கீஸ் டாக்டரைச் சொல்லாம விட முடியாது. 1954ல ஒரு விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ செயலே இல்லாமப் போச்சு. வீல்சேர்ல உக்காந்துக்கிட்டே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. 1966ல அவங்க தலைமையில வேலூர்ல மறுவாழ்வு மையம் வந்துச்சு. கை விளங்காதவங்களுக்கு, கால் விளங்காத டாக்டர் கை கொடுத்தாங்க. பிரசங்கத்துல இதை ஒரு தடவை சொன்னா போதும், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இந்த சபைக்கு மெம்பர் யாரு?

ஊர் சர்ச்சுல மூணு தலைமுறையா அதே பெஞ்சுல அதே குடும்பம் உக்காரும். இங்க ஸ்டாஃப், ஸ்டூடன்ட்ஸ் தவிர மத்த பாதிப் பேர் போன ஞாயித்துக்கிழமை இல்லாதவங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை இருக்க மாட்டாங்க. பேர் கூட தெரியாம அவங்களுக்காக ஜெபம் பண்ணியிருப்போம், டிஸ்சார்ஜ் ஆகிப் போனாங்களா இல்ல வேற மாதிரி போனாங்களான்னு தெரியவே தெரியாது. இதுதான் ஆஸ்பத்திரி சபையோட பாரம், இதுதான் அதோட அழகும்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெரியவர் கடைசி வரிசையில உக்காந்திருந்தாரு, மேற்கு வங்காளத்துக்காரர். மடியில பெரிய எக்ஸ்ரே கவர், அதுக்கு மேல மடிச்ச துண்டு. ஆராதனை இல்லாத நேரம். அவர் கிறிஸ்தவர் இல்லன்னு கழுத்துல இருந்த துளசி மாலையிலயே தெரிஞ்சுச்சு. மெதுவா எழுந்து முன்னாடி போய், அந்தக் கவரை படியில வச்சுட்டு கொஞ்ச நேரம் நின்னாரு, திரும்ப எடுத்துக்கிட்டாரு. வெளியில வந்தப்ப என்னைப் பாத்து கை கூப்பினாரு, எனக்கு பெங்காலி தெரியாது, நானும் கை கூப்பினேன். யாரோட படம்னு கேக்கவும் இல்ல. அவர் வந்த சாப்பலுக்கு அவரும் அன்னைக்கு மெம்பர்தான்னு எனக்குத் தோணுச்சு.

படிச்சு முடிச்ச பிள்ளைங்க எங்க போறாங்க?

சபைகள் ஸ்பான்சர் பண்ணி படிக்க வர்றவங்க முடிச்சதும் தங்களை அனுப்பின சபையோட மிஷன் ஆஸ்பத்திரியில குறிப்பிட்ட வருஷம் வேலை செய்யணும், பெரும்பாலும் ஸ்பெஷலிஸ்ட் போகாத ஊருங்க. பீகார்ல ரக்ஸால், அஸ்ஸாம்ல மகுண்டா மாதிரி இடங்கள்ல சுவிசேஷ மிஷன் ஆஸ்பத்திரிங்க இன்னும் நடக்குது. அங்க ஒரே டாக்டர் சிசேரியனும் பாப்பாரு, பாம்புக்கடியும் பாப்பாரு, ஞாயித்துக்கிழமை பிரசங்கமும் பண்ணுவாரு. எல்லாரும் அங்கயே தங்கிடுறாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா தங்கினவங்க குடும்பத்தோட தங்கியிருக்காங்க.

நம்ம பக்கத்துல வேற இதே மாதிரி இடங்கள் உண்டா?

உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துல நெய்யூர், லண்டன் மிஷன் 1838லயே வைத்திய ஊழியம் ஆரம்பிச்ச இடம், எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் மலையை விட்டுட்டு வந்து உக்காந்ததும் அங்கதான். இன்னொண்ணு திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம், 1921ல டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து ஆரம்பிச்சது, ஜனங்க அவங்களை பெரியண்ணன் சின்னண்ணன்னுதான் கூப்பிட்டாங்க. அங்க ஜெபாலயம் நம்ம திராவிட கோயில் மாதிரியே கட்டியிருக்கும், அந்தப் பக்கம் போனா அவசியம் பாருங்க.

நாளைக்கு பேஷண்ட்டோட வர்றோம், கிறிஸ்தவங்க இல்ல. உங்ககிட்ட ஜெபம் கேக்கலாமா?

தாராளமா கேளுங்க, சாதி மதம் யாரும் கேக்க மாட்டாங்க. வார்டுல இருக்குற சிஸ்டர்கிட்ட "சாப்ளினைப் பாக்கணும்"னு சொன்னா போதும், அவங்க சொல்லி விடுவாங்க. ஆராதனை நேரமும் மொழியும் சாப்பல் போர்டுல போட்டிருக்கும், வந்த அன்னைக்கே பாத்து வச்சுக்கோங்க. காட்பாடி ஜங்ஷன்ல இறங்கினா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, பஸ் ரெண்டும் இருக்கு. ரூம் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் கிடைக்கும், வாடகையைப் பேசிட்டு பையை இறக்குங்க. பழைய ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் தேதி வாரியா ஒரே ஃபைல்ல போட்டுக்கோங்க. கூட வர்றவங்க ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கோங்க, ராத்திரி வெராண்டாவுல உக்காந்திருக்கும்போது குளிரும்.